சொன்னதும் சேர்ந்ததும்

ஒருவர் உள்ளத்தில் எழுந்த கருத்து மற்றொருவர் உள்ளத்தைச் சென்று சேருவது எங்ஙனம்? நாள்தோறும் நிகழ்வதாலேயே இதனை நாம் வியப்பதில்லை.

பேசுவோன், பேச்சு, கேட்போன் என மூன்றைக் கூறினார் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில். தொலைபேசி தோன்றிய பின்னரோ, கம்பிவழிச் செல்லும் குறிகள் சிதையாமல் சேரவேண்டுமே என்னும் கவலை பிறந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், 1948ஆம் ஆண்டில் இதற்கொரு கணிதக் கொள்கை வகுத்தார். செய்தி பிறக்குமிடம், அதனைக் குறிகளாக்கும் அனுப்புகருவி, குறிகள் செல்லும் வழி, அவற்றை மீண்டும் செய்தியாக்கும் வாங்குகருவி, சேருமிடம் என உறுப்புகள் ஐந்து. இடையே புகுந்து கெடுப்பது இரைச்சல். இடிமழை நாளில் வானொலியில் எழும் கரகரப்பு இவ்வினத்தது. ஆங்கில எழுத்தில் ஏறத்தாழப் பாதி மிகையே என்றும் அவர் கணித்தார். இம்மிகை வீணன்று. மழையில் நனைந்து சில எழுத்துகள் அழிந்த கடிதத்தையும் நாம் படித்துவிடுகிறோமே, அஃது இதன் உதவியால்தான்.

ஆனால் செய்தியின் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி பொறியியலுக்கு வேண்டுவதன்று என ஷானன் ஒதுக்கிவிட்டார். அவர் பணிக்கு அது பொருந்தும். ஆசிரியனுக்கோ அதுவே முதற்கவலை.

பல்லாண்டுகளுக்கு முன் ஒருநாள் புவியியல் வகுப்பில், “இமயத்தின் சிகரங்களை ஆண்டு முழுதும் பனி மூடியிருக்கும்” என்றேன். ஒரு சிறுவன் எழுந்து, “வெயில் ஏறினால் உலர்ந்துவிடாதா, ஐயா?” என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. எனக்கு நகை வரவில்லை. அவன் அறிந்த பனி, மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. நான் கருதியதோ வெண்பஞ்சுபோல் வானினின்று விழுந்து கல்லென இறுகும் பனி. நான் சொன்ன சொல் ஓரெழுத்தும் குறையாமற் சென்றது, இரைச்சல் சிறிதுமில்லை, பொருள் மட்டும் சேரவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் எவரும் இவ்வாறு கேட்டதில்லை. என் சொற்களையே விடைத்தாளில் திருப்பி எழுதினர். நானும் முழு மதிப்பெண் வழங்கினேன். அவர்களுள் எத்தனை பேர் இமயத்தின்மேல் நீர்த்துளிகளைக் கண்டனரோ!

இந்நிலையை வில்பர் ஷ்ராம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கட்டுரை நன்கு விளக்குகிறது. பேசுவோர்க்கு ஓர் அனுபவ வட்டம், கேட்போர்க்கு ஒன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில்தான் கருத்துப் பரிமாற்றம் நிகழும். படிந்ததா என்பதைக் கேட்போர் திருப்பி அனுப்பும் குறிப்பே காட்டும். அதனைப் பின்னூட்டம் என்கின்றனர். சுளித்த புருவம், கொட்டாவி, குறுக்கு வினா யாவும் அவ்வகையின.

இவ்வொலிபரப்பு அறையில் என்னெதிரே இருப்பது ஒலிவாங்கி ஒன்றே. நீங்கள் புருவம் சுளித்தாலும் நான் அறியேன். அதனால்தான் பனி இரண்டையும் விரித்துரைத்தேன்.