ஆட்டு வாய்ப்புண்ணும் மேய்ப்பவர் விரலும்

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அப்போது உதட்டோரம் தடித்த பொருக்கு தட்டுப்பட்டால் உடனே கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். வாய்ப்புண்ணை உண்டாக்கும் ஆர்ஃப் என்ற அம்மை வகை வைரஸ் அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. பொருக்கு காய்ந்து தொழுவத்தில் உதிர்ந்தாலும் வைரஸ் பல மாதங்கள் சாகாது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல்காட்டில் வேம்பூர் ஆடும் கன்னி ஆடும் கோடையில் உடைமுள்ளையும் காய்ந்த தட்டையையும் கடித்துத்தான் வயிற்றை நிரப்புகின்றன. முள் கீறிய உதட்டில் வைரஸ் எளிதில் ஏறிவிடும். புண் வந்த குட்டியால் பால் குடிக்க முடியாது. தாயின் காம்பிலும் புண் பரவினால் வலி தாங்காமல் குட்டியை உதைத்துத் தள்ளும். குட்டிகள் பல நேரம் பட்டினியால்தான் சாகின்றன. அதனால் பாலைக் கறந்து புட்டியில் ஊட்டுவதுதான் முதல் வைத்தியம். ஆட்டம்மைத் தடுப்பூசி இந்த வாய்ப்புண்ணைத் தடுக்காது. ஆட்டம்மை வேறு வைரஸால் வருவது.

ஆட்டைப் பிடித்து மருந்து தடவுகிறவர் கையில் கீறல் இருந்தால் அவருக்கும் தொற்றும். விரலில் சிவந்த கொப்புளம் எழும், நீர் கசியும், பிறகு பொருக்குக் கட்டும். பெரும்பாலும் ஆறேழு வாரத்தில் தானே ஆறிவிடும். கீறிவிடாதீர்கள். கறுத்த பொருக்கைப் பார்க்கிற மருத்துவருக்கு அடைப்பானோ என்ற சந்தேகம் வரலாம், வரவும் வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் "ஆட்டுக்கு வாய்ப்புண் இருந்தது" என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி மருந்து. அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரை இதற்கும் வாங்கிப் போடுவது வீண்செலவு. அந்த மருந்தை வேலைசெய்ய வைக்கும் நொதி ஆர்ஃப் வைரஸிடம் கிடையாது. சிடோஃபோவிர் என்ற இன்னொரு மருந்துக்கு வைரஸின் அந்த நொதி தேவையில்லை. அது இந்த வகை வைரஸை ஆய்வகத்தில் அடக்குகிறது என்று 2000-இல் தெரிந்தது. 2007-இல் வெளியான ஆய்வில், அதைப் புண்ணில் பூசிய செம்மறிக் குட்டிகளுக்கு நோயின் கடுமை குறைந்தது. ஆனால் ஊசியாகச் செலுத்தினால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. எதிர்ப்புச் சக்தி குறைந்து புண் ஆறாமல் பெருகுகிற நோயாளிக்கு மருத்துவர் களிம்பாகப் பயன்படுத்தியது உண்டு. நம் நாட்டிலும் முயற்சி நடக்கிறது: அதே அம்மைக் குடும்பத்தைச் சேர்ந்த எருமை அம்மை வைரஸை எமிட்டின் என்ற மருந்து தடுப்பதை ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2017-இல் காட்டினார்கள். அது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் கிடைத்த முடிவு. அதை வைத்துக் கிடைக்கு ஊசி விற்க யாருக்கும் உரிமை இல்லை.

"புது மருந்து, சோதித்துப் பார்க்கிறோம்" என்று யாராவது வந்தால் கேள்வி கேளுங்கள். மனிதரிடம் சோதிப்பதென்றால் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் உங்கள் பக்கம் நிற்கின்றன. புரிகிற மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். கால்நடை என்றால், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி பதிவு பெற்ற நிறுவனமா, நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

வாய்ப்புண் கண்ட ஆட்டை அன்றே தனியே கட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். உதிர்ந்த பொருக்கைக் கூட்டி எரியுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவரைக் கூப்பிடலாம்.