சிடி, விசிடி, டிவிடி: தட்டில் என்ன இருக்கிறது?

ஒரு வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். துணிகளுக்கு அடியில் ஒரு தட்டு கிடைத்தது. வட்டமான, பளபளப்பான தட்டு. அந்த வீட்டு அக்காவின் கல்யாண வீடியோ அதில் இருந்தது. 2010ஆம் ஆண்டு நடந்த கல்யாணம். அன்று அக்காவின் அப்பா மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசினார். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

பெட்டியில் ஒரு பழைய பிளேயரும் இருந்தது. தூசி தட்டி டிவியோடு இணைத்தார்கள். தட்டைப் போட்டார்கள். தட்டு கரகரவென்று சுற்றியது. திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்தது. 'தட்டு இல்லை' என்று அர்த்தம். உள்ளேதான் தட்டு இருக்கிறதே! அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. தட்டையும் பிளேயரையும் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்.

“தம்பி, இந்த சிடி கெட்டுப் போச்சு. ஏதாவது செய்ய முடியுமான்னு பாருப்பா.”

கடைக்காரர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிளேயரையும் திருப்பிப் பார்த்தார்.

“கெட்டுப் போகலக்கா. இது சிடி இல்ல, டிவிடி. உங்க பிளேயர் விசிடி பிளேயர். அதுக்கு இதைப் படிக்கத் தெரியாது.”

“ரெண்டும் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கு?”

ஒரே மாதிரிதான் இருக்கின்றன. குழப்பமே அதனால்தான் வருகிறது. எல்லாத் தட்டும் 12 சென்டிமீட்டர் அகலம். நடுவில் ஓர் ஓட்டை. ஆனால் உள்ளே எழுதியிருக்கும் விதம் வேறு.

எழுதியிருக்கிறதா? ஆமாம். தட்டின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் பதிவு செய்த தட்டு என்றால் குழிக்குப் பதில் சாயத்தில் புள்ளிகள் இருக்கும். அந்த வரிசை நடுவில் தொடங்கி வெளியே சுற்றிச் சுற்றிப் போகிறது. கொசுவர்த்திச் சுருளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிடியில் உள்ள சுருளை நீட்டினால் சுமார் 5 கிலோமீட்டர் வரும்! பிளேயருக்குள் லேசர் என்னும் ஒளி இருக்கிறது. அது இந்த வரிசையைப் படித்துக்கொண்டே போகிறது.

டிவிடியில் புள்ளிகள் இன்னும் சிறியவை. வரிசைகளும் நெருக்கமானவை. பெரிய எழுத்து மட்டும் படிக்கும் கண்ணுக்குப் பொடி எழுத்து தெரியுமா? தெரியாது. விசிடி பிளேயரின் நிலைமையும் அதுதான். டிவிடி பிளேயரோ பொதுவாகச் சிடி, விசிடி, டிவிடி மூன்றையும் படிக்கும்.

முதலில் வந்தது பாட்டு கேட்கும் சிடி. 1982இல் விற்பனைக்கு வந்தது. அதில் 74 நிமிடம் பாட்டு கேட்கலாம். 1993இல் விசிடி வந்தது. அதே சிடியில் படத்தையும் அடைத்தார்கள். ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் படம் பிடிக்கும். நம் சினிமா இரண்டரை மணி நேரம் ஓடுமே! அதனால்தான் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று தட்டு கொடுத்தார்கள். பாதிச் சண்டையில் எழுந்துபோய்த் தட்டு மாற்றியது பலருக்கு நினைவிருக்கும். 1996இல் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்தது. முழுப் படமும் ஒரே தட்டில் அடங்கியது.

எவ்வளவு அடங்கும் என்பதை எம்பி, ஜிபி என்று சொல்வார்கள். ஒரு எம்பி என்பது சுமார் 10 லட்சம் ஆங்கில எழுத்துகளை எழுதி வைக்கும் இடம். ஆயிரம் எம்பி சேர்ந்தால் சுமார் ஒரு ஜிபி. சிடியில் 700 எம்பி இடம் உண்டு. சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி. அதாவது ஆறு, ஏழு சிடிக்குச் சமம்.

அப்படியானால் '100 பாட்டு' என்று அட்டையில் போட்டு ஒரே சிடியை விற்றார்களே, அது எப்படி? அது எம்பி3 சிடி. எம்பி3 என்பது பாட்டைச் சுருக்கி வைக்கும் ஒரு முறை. தவில் முழங்கும்போது பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் நமக்குக் கேட்குமா? கேட்காது. அப்படிக் காதுக்கு எட்டாத ஓசைகளைக் கழித்துவிடுகிறார்கள். 5 நிமிடப் பாட்டு சாதாரண சிடியில் சுமார் 50 எம்பி இடம் எடுக்கும். எம்பி3 ஆக்கினால் 5 எம்பி போதும். 128, 320 என்று எண் போட்டிருந்தால் கவனியுங்கள். எண் கூடினால் ஓசை நன்றாக இருக்கும், இடமும் கூடுதலாகப் பிடிக்கும். கழித்த ஓசை கழித்ததுதான். 128இல் சுருக்கிய பாட்டை மறுபடி 320 ஆக்கினாலும் அது திரும்பி வராது.

படத்துக்கும் கணக்கு உண்டு. டிவியில் தெரியும் படம் கோலத்தைப் போலப் புள்ளிகளால் ஆனது. விசிடி படத்தில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடி படத்தில் சுமார் 4 லட்சம். இன்றைய 'ஃபுல் எச்டி' டிவியில் 20 லட்சம் புள்ளிகள். பழைய விசிடியைப் பெரிய டிவியில் போட்டால் படம் கலங்கலாகத்தான் தெரியும். 1 லட்சம் புள்ளியை இழுத்து 20 லட்சம் புள்ளியின் இடத்தில் பரப்புகிறது டிவி. தட்டின் மேல் குற்றமில்லை. டிவி மேலும் குற்றமில்லை.

பிளேயரின் பின்னால் மூன்று ஓட்டைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஓசைக்கு. வெள்ளை இடது பக்கம், சிவப்பு வலது பக்கம். படம் வந்து ஓசை வராவிட்டால் முதலில் இந்த வயர்களைப் பாருங்கள். எச்டிஎம்ஐ என்ற வயர் இருந்தால் படம், ஓசை இரண்டும் அதிலேயே போகும். '5.1' என்றால் ஆறு ஸ்பீக்கர். ஐந்து சுற்றிலும் வைக்க, ஒன்று 'தம் தம்' என்ற ஓசைக்கு. ஆறையும் வாங்கி ஒரே மூலையில் அடுக்கி வைப்பவர்களும் உண்டு. காசுதான் வீண்.

வெளிநாட்டிலிருந்து வந்த தட்டில் வேறு சிக்கல். சினிமா டிவிடிக்கு 'ரீஜன்' எண் போடுவார்கள். இந்தியாவுக்கு 5. சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3. துபாய்க்கு 2. 3 என்று பூட்டிய தட்டு 5ஆம் எண் பிளேயரில் ஓடாது. 'ஆல்' என்றோ 0 என்றோ இருந்தால் எங்கும் ஓடும். கல்யாணத் தட்டுக்கு இந்தப் பூட்டு கிடையாது.

கடைக்காரர் அக்காவின் தட்டைத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். ஓடியது.

“இதைப் பென் டிரைவ்ல போட்டுத் தரேன்க்கா. உங்க டிவியிலேயே செருகிப் பார்க்கலாம். எம்பி4 ஆக மாத்தித் தரேன்.”

“எம்பி3தானே சொன்னே?”

“அது பாட்டுக்கு. இது படத்துக்கு.”

எம்பி4, ஏவிஐ என்பவை தூக்குவாளி மாதிரி. படத்தையும் ஓசையையும் ஒன்றாக எடுத்துப் போகும் பாத்திரம். இரண்டு வீட்டில் ஒரே மாதிரி தூக்குவாளி இருக்கலாம். உள்ளே ஒன்றில் சாம்பார், இன்னொன்றில் ரசம். அதேபோல உள்ளே படத்தைச் சுருக்கிய முறை வேறு வேறாக இருக்கலாம். சில நேரம் பாட்டு மட்டும் கேட்கும், படம் வராது. ஓசையைச் சுருக்கிய முறை பிளேயருக்குத் தெரியும், படத்தைச் சுருக்கிய முறை தெரியாது என்று பொருள். கோப்பின் பெயரை மட்டும் மாற்றி எழுதினால் சரியாகாது. உப்பு டப்பாவில் 'சர்க்கரை' என்று சீட்டு ஒட்டினால் உப்பு இனிக்குமா?

அக்கா இரண்டு பிரதி கேட்டு வாங்கினார். ஒன்று தனக்கு, ஒன்று தம்பிக்கு. அது நல்ல காரியம். வெயிலும் சூடும் பட்டால் பதிவுத் தட்டின் சாயம் நாளாக ஆக மங்கும். மங்கிய பிறகு எந்தக் கடையிலும் அதை மீட்பது கடினம். உங்கள் வீட்டுப் பரணில் தட்டு இருந்தால், ஓடும்போதே பிரதி எடுத்துவிடுங்கள். தட்டு அழுக்காக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

அன்று மாலை டிவியில் அப்பா பேசினார். முழுதாக ஒரு நிமிடம்கூட இல்லை. அக்கா மூன்று முறை போட்டுப் பார்த்தார்.

பிறகு தட்டின் மேல் தேதியை எழுத பால்பாயின்ட் பேனாவை எடுத்தார். மகன் தடுத்தான். “அம்மா, கூர்முனை கீறிடும். அதுக்குன்னு ஸ்கெட்ச் பேனா இருக்கு.” அவன் சொன்னது சரிதான். சிடியில் பதிவு இருப்பது பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டித்தான். அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறல்தான் அதற்கு ஆபத்து. டிவிடியில் பதிவு நடுவில் இருக்கிறது, ஆனாலும் அழுத்தி எழுதக் கூடாது. அக்கா மை பேனாவால் மெதுவாக எழுதினார்: 'எங்கள் கல்யாணம், 2010. டிவிடி. அப்பா பேசுகிறார்.'