தொட்டியில் நூறு லிட்டர், கண்ணெதிரே ஏரி

கனடாவின் ராக்கி மலைப்பக்கம் கணவனும் மனைவியுமாக ஆர்.வி. எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்த பயணம் அதுதான். ஆனால் கேட்கிறவர்களில் பலர் வண்டிக்குள் டிவி இருக்குமா, ஏசி இருக்குமா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனைப் பார்த்திருப்பீர்கள். ஆர்.வி.யும் அந்த இனம்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, குளியலறை எல்லாம் சக்கரத்தின் மேல். என்ஜினோடு சேர்ந்தே வருவது மோட்டார்ஹோம். காருக்கோ பிக்கப் வண்டிக்கோ பின்னால் மாட்டி இழுப்பது டிரெய்லர். வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு மோட்டார்ஹோம் சுலபம். ஆல்பர்ட்டா மாகாணத்தில் இரண்டு அச்சுள்ள மோட்டார்ஹோமை ஓட்டக் கார் உரிமமே போதும். உரிமம் போதும் என்பதற்காகப் பெரிய வண்டியாகப் பார்த்து எடுத்துவிடாதீர்கள். இரண்டு பேருக்கு 7 மீட்டர் நீளம் தாராளம். மரங்களுக்கு நடுவே பல ஆண்டுகளுக்கு முன் அமைத்த முகாம்களில் ஒவ்வோர் இடத்துக்கும் நீள வரம்பு உண்டு. வண்டி குட்டையாக இருக்க இருக்க, தங்க நல்ல இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

இனி தண்ணீர். வண்டியின் அடியில் மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று, குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர. மூன்றாவது கழிவறைக்கு மட்டும். நடுத்தர மோட்டார்ஹோமில் நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டருக்கு முன்பின்னாகப் பிடிக்கும். குழாயைத் திறந்தால் 12 வோல்ட் பம்ப் ஒன்று டர்ரென்று ஓடித் தண்ணீரைத் தள்ளும். அந்தச் சத்தம் கேட்டாலே தொட்டி இறங்குகிறது என்று காது பழகிவிடும்.

வீட்டில் ஷவருக்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் 80, 90 லிட்டர் போய்விடும். வண்டியில் இருவருக்கு இரண்டு நாள் வரவேண்டிய தண்ணீர் அது. அதனால் இங்கே குளியல் முறையே வேறு: உடம்பை நனைத்துக் குழாயை மூட வேண்டும், சோப்பு போட வேண்டும், திறந்து அலச வேண்டும். ஆளுக்கு எட்டுப் பத்து லிட்டரில் முடிந்துவிடும். வெந்நீர்த் தொட்டியும் பல வண்டிகளில் 23 லிட்டர்தான். முதலில் போனவர் தாராளம் காட்டினால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் பனி உருகிய பச்சைத் தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். முழுத் தொட்டியைப் புறப்படும் கல்கரி நகரத்திலிருந்தே சுமந்து மலையேற வேண்டியதில்லை. முகாமில் குழாய் இருக்கும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

கழிவைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும். பெரிய முகாம்களில் டம்ப் ஸ்டேஷன் என்று ஓர் இடம் இருக்கும். வண்டியை அங்கே நிறுத்தி, தடித்த குழாயை மாட்டி, தொட்டிகளைத் திறந்துவிட வேண்டும். முதலில் கழிவறைத் தொட்டி, அதன் பிறகுதான் அழுக்குத் தண்ணீர்த் தொட்டி. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிக்கொண்டு போகும். வண்டியை நேரடியாகச் சாக்கடையோடு இணைக்கும் வசதி சில முகாம்களில் உண்டு. அங்கேயும் கழிவறைத் தொட்டியின் வால்வை மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் வடிந்து, கெட்டியானது உள்ளே தங்கி இறுகிவிடும். ரப்பர் கையுறை கட்டாயம். நல்ல தண்ணீர் பிடிக்கும் குழாயை இந்தக் குழாயோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. இந்த வேலையை இருவரும் முறை வைத்துச் செய்யுங்கள் என்பேன். எப்போதும் ஒருவரே செய்தால் மற்றவருக்குத்தான் அது விடுமுறை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்றால், நாம் நிற்கும் இடம் அப்படி. பான்ஃப் பூங்கா 1885இல் பிறந்தது, கனடாவின் முதல் தேசியப் பூங்கா. அதற்கு வடக்கே ஒட்டினாற்போல் ஜாஸ்பர், 1907இல் வந்தது. இரண்டுக்கும் எல்லையில் கொலம்பியா பனிவெளி இருக்கிறது. அங்கே ஸ்னோ டோம் என்றொரு சிகரம். அதன் ஒரு பக்கத்துப் பனி உருகிப் பசிபிக் பெருங்கடலுக்குப் போகிறது, ஒரு பக்கம் அதபாஸ்கா ஆறு வழியாக ஆர்க்டிக் கடலுக்கு, இன்னொரு பக்கம் வடக்கு சஸ்காச்செவன் ஆற்றோடு ஹட்சன் விரிகுடாவுக்கு. பான்ஃப் பூங்காவிலுள்ள லேக் லூயிஸ் முகாமை ஒட்டி ஓடும் போ ஆறு கல்கரி நகரத்துக்குக் குடிதண்ணீர். ஏரிக்கரையிலோ ஓடையிலோ தட்டு கழுவாதீர்கள், அழுக்குத் தண்ணீரைத் தரையில் விடாதீர்கள் என்று தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடா சொல்வது கெடுபிடிக்காக அல்ல.

இந்தப் பகுதி ஏரிகளின் நிறத்தைப் பார்த்துவிட்டால் யாரும் சொல்லாமலே புரியும். பெய்ட்டோ, லூயிஸ், மொரெய்ன் எல்லாமே நீலமும் பச்சையும் கலந்து, யாரோ சாயம் கரைத்ததுபோலத் தெரியும். காரணம் பனியாறு. பல மீட்டர் கனமுள்ள பனி மெல்ல நகரும்போது அடிப்பாறையை அரைத்து மாவாக்குகிறது. உருகிய நீரோடு அந்தப் பாறைத்தூள் வந்து சேரும். ஏரிக்குள் இறங்கும் ஓடையைப் பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்திருக்கும். கனமான துகள் படிந்துவிட, மிக நுண்ணியது மட்டும் ஏரியில் மிதந்துகொண்டிருக்கும். வெயில் படும்போது நீலத்தையும் பச்சையையும் அதுதான் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஜூன் முதல் வாரத்தில் போனால் லூயிஸ் ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கலாம். உருகல் கூடும் ஜூலை, ஆகஸ்டில்தான் நிறம் முழுதாக ஏறும்.

அந்த நிறத்துக்கு மூலமான பனியே குறைந்துகொண்டிருக்கிறது என்பதை அதபாஸ்கா பனியாற்றின் அருகே நின்று பார்க்க வேண்டும். சென்ற சுமார் 125 ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. பனியின் விளிம்பு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று நடைபாதையில் அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். நமக்கு நன்றாக நினைவிருக்கிற ஆண்டுகளையெல்லாம் தாண்டித் தாண்டி, வெறும் கல்லும் சரளையுமாகக் கிடக்கும் நிலத்தில் நடக்கிறோம். அங்கே நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. வழிகாட்டி இல்லாமல் பனிமேல் மட்டும் ஏறிவிடாதீர்கள். மேலே பனி மூடிய ஆழமான வெடிப்புகள் உண்டு.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற சாலை, 232 கிலோமீட்டர். நடுவில் இரண்டு கணவாய்கள், இரண்டுமே 2,000 மீட்டருக்கு மேல். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும், போகட்டும். பின்னால் வரிசை சேர்ந்தால் ஒதுங்கி வழி விடுங்கள். கவனம் வேண்டியது இறக்கத்தில். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்க வேண்டும். வழியில் எரிபொருள் கிடைப்பது சஸ்காச்செவன் ரிவர் கிராசிங் என்ற ஒரே இடத்தில், அதுவும் குளிர்காலத்தில் கிடையாது. பெரும்பாலான தூரத்துக்கு செல்போன் சிக்னலும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பதிகளுக்குள் சண்டை வருவது மலைச்சாலையில் அல்ல, முகாமுக்குள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது. ஒருவர் ஓட்ட, மற்றவர் கீழே இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும். நம் பஸ் கண்டக்டர்கள் பின்பக்கம் நின்று "வரலாம், வரலாம், ஹோல்டான்" என்பார்களே, அது போதும். கிளம்புமுன் மூன்று சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: வா, நில், முன்னால் போ. கண்ணாடியில் கணவருக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவரோ தெரியாமல் போன அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். கீழே நிற்பவர் சொன்னதைக் கேட்டு ஓட்டுகிறவர் நிறுத்தவேண்டுமே தவிர, ஏன் என்று ஜன்னல் வழியாகக் கேட்கக் கூடாது. இது ஒன்று படிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் படியும்.

சமையல் நம்மவர்களுக்கு முக்கியம். லேக் லூயிஸ் கிராமம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும், கேஸும் வீணாகும். சின்ன குக்கர் ஒன்று கையோடு இருக்கட்டும். சாம்பார், குழம்பு பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தண்ணீர் பாதியாகக் குறையும், அழுக்குத் தொட்டியில் எண்ணெய் படிந்து நாற்றமும் அடிக்காது. ஜூலையிலும் இரவில் குளிர் பூஜ்ஜியத்தை நெருங்கும். வண்டியில் ஹீட்டர் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

கரடியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். லேக் லூயிஸில் கூடாரம் போடுகிறவர்களின் முகாமைச் சுற்றி மின்வேலி இருக்கிறது. ஆர்.வி.களுக்கான முகாம் தனி, கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டும், அங்கே வேலி இல்லை. வெளியே மேஜைமேல் சாப்பாடு மட்டுமல்ல, கழுவாத தட்டு, ஐஸ்பெட்டி, பற்பசை, நாய்க்கு வைத்த கிண்ணம் எதுவும் விட்டு வைக்கக் கூடாது. ஒருமுறை மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும். கடைசியில் கொல்லப்படுவது கரடிதான். கரடியிலிருந்து 100 மீட்டர், எல்க் மான்களிலிருந்து 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். காற்றடைக்கும் படகு கொண்டு போனால் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகுமுன் கழுவி, வடித்து, நன்றாகக் காயவையுங்கள். மீன்களைச் சுழன்று சுழன்று நீந்த வைத்துக் கொல்லும் நோய் கனடாவில் முதன்முதலாக 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது பான்ஃப் பூங்காவின் ஜான்சன் ஏரியில்தான். ஈரமான படகும் காலணியும் அதைப் பரப்பும்.

எத்தனை இடம் பார்ப்பது? பத்து நாளில் பத்து முகாம் என்று திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். தினமும் குழாய் மாட்டுவதும் கழற்றுவதுமாக நாள் கழிந்துவிடும். பான்ஃப் ஊருக்கருகே சில நாள், லேக் லூயிஸில் சில நாள், ஜாஸ்பர் பக்கம் சில நாள் என்று மூன்றே இடங்களில் வண்டியை நிறுத்துங்கள். மொரெய்ன் ஏரிக்குச் சொந்த வண்டிகள் 2023 முதல் போக முடியாது, எப்படியும் ஷட்டில் பஸ்தான். லேக் லூயிஸில் தங்கும்போது போ ஆற்றங்கரையில் நடக்கலாம். இரவில் சரக்கு ரயில் சத்தம் போட்டுக்கொண்டு போகும், அதுவும் அந்த ஊரின் சத்தம்தான். ஜூன் கடைசியில் பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனால், பகலில் வந்த கூட்டமெல்லாம் போயிருக்கும். முகாமிலேயே தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

காட்டுத்தீயை லேசாக நினைக்க வேண்டாம். 2024 ஜூலையில் ஜாஸ்பரில் தீ புகுந்து நகரின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எரிந்தது. ஊர்க்காரர்களும் பயணிகளுமாகச் சுமார் 25,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. எரிபொருள் எப்போதும் பாதித் தொட்டிக்குக் குறையாமல் இருக்கட்டும். விறகுத் தீ மூட்டத் தடை போட்டால் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படியுங்கள். வெளியூர் விறகைக் கொண்டுபோகாதீர்கள், மரத்தை அரிக்கும் பூச்சிகள் அதோடு பயணம் செய்யும்.

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை போவது என் சிபாரிசு. செப்டம்பர் கடைசியில் மொரெய்ன் ஏரிக்கு மேலுள்ள லார்ச் மரங்கள் பொன்னிறமாக மாறும், பார்க்க வேண்டியதுதான், ஆனால் இரவில் வண்டியின் தண்ணீர்க் குழாய் உறையும் அபாயம் உண்டு. பார்க்ஸ் கனடாவின் முன்பதிவு ஆண்டின் முதல் மாதங்களிலேயே திறந்துவிடுகிறது, கோடைக்கான நல்ல இடங்கள் சீக்கிரம் போய்விடும். அதனால் முதலில் முகாம் இடத்தைப் பதிவு செய்யுங்கள், அதன் நீள வரம்பைப் பார்த்து வண்டியை எடுங்கள், விமானச் சீட்டை அதற்குப் பிறகு வாங்குங்கள்.