கண் காட்டும், கை காரணம் சொல்லும்

சோறு வெந்துவிட்டதா என்று அறிய நாம் என்ன செய்கிறோம்? பானையை எட்டிப் பார்ப்பதோடு விடுவதில்லை. ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறோம். கண் சொல்லாததை விரல் சொல்லிவிடுகிறது. இந்த விரலறிவைக் கணினிக்குள் கொண்டுபோக முடியுமா என்பதுதான் இந்த வார அங்கத்தில் நாம் பேசவிருக்கும் விஷயம்.

நாம் சாப்பிடும் மருந்துகளில் பல, உடலிலுள்ள புரத மூலக்கூறு ஒன்றின் குழியில், பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல் பொருந்தி வேலை செய்கின்றன. எந்த மருந்து, எந்தக் கோணத்தில் பொருந்தும் என்பதைக் கண்டறிவது வேதியியலாளரின் வேலை. மூலக்கூறுகளின் வடிவத்தைத் திரையில் முப்பரிமாணப் படமாகக் காட்டிவிடலாம். ஆனால், அவை ஒன்றையொன்று ஈர்ப்பதும் விலக்குவதும் கண்ணுக்குத் தெரியாது.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் பிரெட்ரிக் புரூக்ஸ் 1967ஆம் ஆண்டு இதற்கு வழிதேடத் தொடங்கினார். திட்டத்தின் பெயர் 'குரோப்'. தடவித் தேடுதல் என்று பொருள். கதிரியக்கப் பொருள்களைத் தூரத்திலிருந்து கையாள்வதற்காக ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடம் உருவாக்கிய இயந்திரக் கையை அவர் குழு பயன்படுத்தியது.

அது எப்படி வேலை செய்கிறது? கைப்பிடியை நகர்த்தினால் திரையில் மருந்து மூலக்கூறு நகரும், திருப்பினால் திரும்பும். அந்த இடத்தில் எவ்வளவு விசை என்று கணினி கணக்கிட்டு, மோட்டார்கள் மூலம் கைப்பிடியைத் தள்ளும் அல்லது இழுக்கும். பொருந்தாத இடத்தில் கை முட்டி நிற்கும். நல்ல இடம் நெருங்கினால் தானாக உள்ளே இழுபடும்.

சொல்வது எளிது, செய்வது கடினம். கண்ணை ஏமாற்ற வினாடிக்கு 25, 30 படங்கள் போதும். கைக்குக் கெட்டியான சுவரைத் தொடும் உணர்வைத் தர, விசையை வினாடிக்கு ஏறக்குறைய 1,000 முறை புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சுவர் பஞ்சுபோல் அமுங்கும் அல்லது நடுங்கும். அக்காலக் கணினிகளுக்கு அத்தனை வலு இல்லை. ஆகவே, முழுமையான முடிவுகள் 1990இல்தான் வெளிவந்தன.

அந்த முடிவில் மிகைப்படுத்தல் இல்லை. படத்தை மட்டும் பார்த்துச் செய்வதைவிட, தொடு உணர்வும் சேர்ந்தால் வேலைத்திறன் சுமார் இரண்டு மடங்கு உயர்ந்தது. பத்து மடங்கை எதிர்பார்க்க வேண்டாம் என்று அவர்களே எழுதினார்கள். ஆனால், ஒரு மருந்து நன்றாகப் பொருந்துவதும் பொருந்தாமல் போவதும் ஏன் என்பது புதிதாகப் புரிந்தது என்று வேதியியலாளர்கள் கூறினர். அதையே பெரிய பலனாக அந்தக் குழு கருதியது.

இந்தத் தொழில்நுட்பத்தை முன்னே இழுத்துச் செல்லப் போவது அறிவியலல்ல, பொழுதுபோக்குத்தான் என்றும் அவர்கள் அன்றே கணித்தார்கள். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 கைப்பிடியில், விசையை அழுத்தும் விரலை எதிர்த்துத் தள்ளும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுவது அந்த ஆய்வுக்கூடக் கையின் தூரத்துச் சொந்தம்தான்.

இன்று மருந்தைப் பொருத்திப் பார்க்கும் வேலையைக் கணினி நிரல்களே பெருமளவு செய்துவிடுகின்றன. விடை வேகமாகக் கிடைக்கிறது. அது ஏன் சரியான விடை என்று மனிதருக்கு விளங்க வேண்டாமா? அடுத்த மருந்தைத் தேடுபவருக்கு அந்த 'ஏன்'தான் கைவிளக்கு. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.