உங்களுக்குத் தெரியுமா? 2 எம்பி துப்பாக்கி, நினைவகத்தில் 64 எம்பி!

கேமில் நாமே சேர்க்கும் 'மாட்' கோப்பில் வரும் துப்பாக்கியின் மேல்பூச்சுப் படம் ஜேபெக் கோப்பாக 2 எம்பிதான் இருக்கலாம். அதுவே 4096 × 4096 புள்ளி அளவென்றால், சுருக்காமல் ஏற்றும்போது 64 எம்பி பிடிக்கும். ஜேபெக் சுருக்கம் ஹார்டு டிஸ்கில் மட்டுமே இடம் மிச்சம் பிடிக்கும்.

• கிராபிக்ஸ் சிப் நேரடியாகப் படிக்கும் டிஎக்ஸ்டி5 முறையில் சுருக்கினால் அதே படம் 16 எம்பி. ஒளி ஊடுருவும் பகுதி இல்லையென்றால் டிஎக்ஸ்டி1 போதும், 8 எம்பிதான். 4 × 4 புள்ளிகளை ஒரு கட்டமாக்கி 2 நிறங்களை மட்டும் முழுதாக எழுதிவைப்பார்கள். இடைப்பட்ட நிறங்களை கிராபிக்ஸ் சிப்பே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

• டிஎக்ஸ்டி1 முறையோடு 2048 × 2048 ஆகவும் குறைத்தால் வெறும் 2 எம்பி. திரையில் கையகலம் தெரியும் துப்பாக்கிக்கு இது தாராளம்.

• உதாரணமாக, 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' 32 பிட் கேம். விண்டோஸ் அதற்கு வழக்கமாகத் தருவது 2 ஜிபி முகவரி இடம். கனமான மாட்களைக் குவித்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடலாம்.

• தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். எப்போதும்வென்றானிலோ கோவில்பட்டியிலோ பழைய லேப்டாப்பில் விளையாடும் பிள்ளைகள், புது ரேம் வாங்கும் முன் படங்களை இப்படிச் சுருக்கிப் பார்க்கலாம். மூலக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். சுருக்கியதில் இழந்த நுணுக்கம் திரும்பாது.