ஒரு தையல்கூடப் போடாத சூப்பர்வைசர்... புற்றுநோயைத் தூண்டிவிடும் ஆர்.என்.ஏ!

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குள் போனால் டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் என ஆளுக்கொரு வேலை. சூப்பர்வைசர் மட்டும் ஒரு தையல்கூடப் போட மாட்டார். ஆனா, எந்த லைன் ஓடணும், எது நிக்கணும்னு சொல்றது அவர்தான்.

உங்கள் செல்லுக்குள்ளும் இதே கதைதான். டி.என்.ஏ-வில் உள்ள குறிப்பை ஆர்.என்.ஏ பிரதியெடுக்கும், அதை வைத்துப் புரதம் தயாராகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆனால், புரதத்துக்கான குறிப்பு டி.என்.ஏ-வில் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. மீதியை 'குப்பை' என்றே ஒதுக்கினார்கள். அங்கிருந்தும் ஆர்.என்.ஏ-க்கள் உருவாகின்றன. நீளம் 200 எழுத்துகளுக்கு மேல். புரதம் மட்டும் தயாரிக்காது. இவைதான் 'லாங் நான்-கோடிங் ஆர்.என்.ஏ'. எந்த மரபணு ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று சொல்லும் சூப்பர்வைசர்கள் இவற்றில் உண்டு.

சூப்பர்வைசரே கெட்டுப்போனா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு, 2013-ல் அப்படி ஒன்றை அடையாளம் காட்டியது. பெயர் 'ஷ்லாப்-1'. வேகமாகப் பரவும் புராஸ்டேட் புற்றுநோயில் இது அதிகம் காணப்படுகிறது. செல் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் புரதக் கூட்டம் ஒன்றை இது வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று அந்தக் குழு சொன்னது. வாட்ச்மேனை டீ குடிக்க அனுப்பிட்டு, கேட்டைத் திறந்துவிடற மாதிரி!

சரி, இதனால நமக்கு என்ன?

புராஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மெதுவாக வளரும். சிலருக்கு எலும்பு வரை பரவிவிடும். எது எந்த ரகம் என்று முன்பே தெரிந்தால், ஒருவருக்குத் தேவையற்ற ஆபரேஷனைத் தவிர்க்கலாம். இன்னொருவருக்கு நேரத்தோடு சிகிச்சையைத் தொடங்கலாம். ஷ்லாப்-1 அதற்கு உதவும் என்று ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. 'பி.சி.ஏ-3' என்ற இன்னொரு ஆர்.என்.ஏ-வை சிறுநீரில் அளக்கும் டெஸ்ட்டுக்கு அமெரிக்கா 2012-லேயே அனுமதி கொடுத்துவிட்டது. மறுபடி பயாப்ஸி தேவையா என்று முடிவெடுக்க அது உதவுகிறது.

அதுக்காக நெட்டில் தேடி, நீங்களாக எந்த டெஸ்ட்டும் புக் பண்ண வேண்டாம். 50 வயது தாண்டிய அப்பா ராத்திரியில் நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறாரா? "வயசானா அப்படித்தான் கண்ணு"னு சமாளிப்பார். பெரும்பாலும் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும். ஆனால், ஆரம்பகட்டப் புற்றுநோய் அறிகுறியே காட்டாமலும் இருக்கலாம். தாத்தாவுக்கோ பெரியப்பாவுக்கோ இந்த நோய் இருந்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் சொல்வார்.

அப்பா வெட்கப்படுவார். நீங்க கூடப் போங்க.