நம் கரைக்கு வராத காலைச் செய்தி

காலைத் திரை – 12

நியூயார்க்கிலும் லண்டனிலும் காலைத் தொலைக்காட்சி வளர்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1952 ஜனவரி 14 அன்று என்.பி.சி. தொடங்கிய 'டுடே' இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1983 ஜனவரி 17 அன்று பி.பி.சி. தொடங்கிய 'பிரேக்ஃபாஸ்ட் டைம்' பேரும் உருவமும் மாறி, 'பிபிசி பிரேக்ஃபாஸ்ட்' என்று இப்போதும் வருகிறது. இரண்டு நாடுகளிலும் உள்ள ஓர் ஏற்பாட்டை மட்டும் இந்த வாரத்துக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலை நிகழ்ச்சியின் நடுநடுவே தலைமை நிலையத்து அறிவிப்பாளர் ஒதுங்கிக்கொள்வார். அந்தச் சில நிமிடங்களில் அந்தந்த வட்டார நிலையம் தன் ஊர்ச் செய்தியையும் தன் ஊர் வானிலையையும் சொல்லும். அதன் பிறகே தலைமை நிலையம் திரும்பி வரும்.

இந்தியாவில் தூர்தர்ஷனின் காலை ஒளிபரப்பு 1987 பிப்ரவரி 23, திங்கட்கிழமை தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஜனவரி 25 அன்று, ராமானந்த் சாகரின் 'ராமாயணம்' ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைத் தன் வசமாக்கியிருந்தது. இப்போது வாரநாள் காலையும் தொலைக்காட்சிக்குப் போனது. ஆனால் அந்த ஒளிபரப்பு டெல்லியிலிருந்து வந்தது. பேசியது இந்தியும் ஆங்கிலமும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-லேயே வந்துவிட்டது என்றாலும், தமிழ்ச் செய்திக்கு நாம் மாலை வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. காலையில் பெட்டியைப் போட்டால் படம் தெரியும், சங்கதி புரியாது.

அதனால் எங்கள் கடலூர்த் திருப்பாப்புலியூரில் காலை என்றால் அப்போதும் ரேடியோதான். 6.55-க்கு பலதேவானந்த சாகரின் குரலில் சம்ஸ்கிருதச் செய்தி. 7.15-க்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லும்போதே லாரன்ஸ் ரோட்டு டீக்கடைகளில் சத்தம் கூட்டப்படும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாசித்த குரல் அது; 2022 ஆகஸ்டில் மும்பையில் அவர் மறைந்தபோது, ஒருமுறைகூட அவரை நேரில் பார்த்திராத எத்தனையோ பேர் சொந்தக்காரர் போனதுபோல வருந்தினார்கள். தமிழில் காலைச் செய்திக்கு ஒரு பிறந்த நாள் சொல்ல வேண்டுமென்றால் நான் 1987-ஐச் சொல்ல மாட்டேன். 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலை, நாடு விடுதலை பெற்றதை அகில இந்திய வானொலியில் பூர்ணம் விஸ்வநாதன் தமிழில் வாசித்த அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

காலை ஒளிபரப்பு தொடங்கிய அதே 1987-ல், டிசம்பர் 24 அதிகாலையில் எம்.ஜி.ஆர். இறந்தார். தமிழ்நாடு தன் வாழ்நாளில் கேட்ட மிகப் பெரிய காலைச் செய்திகளில் ஒன்று அது. எங்கள் தெருவுக்கு அது ரேடியோ வழியாகவே வந்தது.

பிறகு 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. தமிழ்க் காலைக்குத் திரையில் முகம் கிடைத்தது அதற்குப் பிறகுதான். அதன் 'வணக்கம் தமிழகம்' ஒரு பழக்கமாகவே ஆனது. விருந்தினர் வந்து நிதானமாகப் பேசுவார். சாலமன் பாப்பையா ஒரு குறளை எடுத்துப் பொருள் சொல்வார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இந்த நாள் இனிய நாள்' சொல்வார். கொள்ளிடத்துக்கு வடகரையில், அரியலூர்ப் பக்கம் தென்கச்சிப்பெருமாள் நத்தத்தில் பிறந்தவர். வேளாண்மை படித்து, வானொலியில் உழவர்களுக்கான நிகழ்ச்சி செய்து, 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தவரானார். சிதம்பரத்துக்காரர்களுக்கு அவர் பேச்சில் பக்கத்து ஊர்க்காரர் வாடை அடிக்கும். 1999-ல் வந்த ஜெயா டிவிக்கு 'காலை மலர்' இருந்தது. 2011 ஆகஸ்டில் தொடங்கிய புதிய தலைமுறை, நாளிதழ்களைப் பிரித்து வைத்துக்கொண்டு விவாதிக்கும் 'புதுப்புது அர்த்தங்கள்' கொண்டுவந்தது. இவற்றையெல்லாம் நான் விரும்பிப் பார்த்தவன். இட்லி தட்டில் இருக்கும்போது ஒரு பேராசிரியரோ ஒரு மருத்துவரோ வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து தமிழில் பேசுவது சின்ன காரியமில்லை. படிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ பெண்களுக்கு அது ஒரு வகுப்பறையாக இருந்தது.

ஆனால் இவை எல்லாமே சென்னையில் உட்கார்ந்து தமிழ்நாடு முழுவதையும் பார்த்துப் பேசியவை. எந்த ஊருக்கும் தனியாக எதுவும் சொல்லாதவை. தொடக்கத்தில் சொன்ன அந்த வட்டாரச் சாளரம் தமிழ்க் காலைத் தொலைக்காட்சியில் வழக்கமாகவே இல்லை. அதன் விலையைக் கடலூர் இரண்டு முறை கொடுத்தது. இரண்டு முறையும் காலைப் பலகார வேளையில்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தபோது நம் கடிகாரத்தில் ஆறரை மணிகூட ஆகவில்லை. தேவனாம்பட்டினத்திலும், சிங்காரத்தோப்பிலும், சாமியார்பேட்டையிலும், பிச்சாவரம் பக்கம் எம்.ஜி.ஆர். திட்டிலும் அலை ஏறியது எட்டரை மணிக்கு மேல். இடையில் இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரு சினிமாவே ஓடி முடியும் நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் நம் கரைக்கு என்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. சுனாமி எச்சரிக்கை மையம் என்று இந்தியாவில் அன்று எதுவுமே கிடையாது. ஹைதராபாத்தில் அது வந்தது 2007 அக்டோபரில்தான். கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். வேறெங்கும் போல இங்கும் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம்.

அதே காலையில், நமக்குச் சற்று வடக்கே, புதுச்சேரி மாநிலத்து நல்லவாடு என்ற மீனவர் ஊரில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். அங்கே செய்தியில் நிலநடுக்கத்தையும் அலையையும் அறிந்ததும் ஊருக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் தகவல் மையம் இருந்தது. தினமும் அலையின் உயரத்தையும் மீன்பிடிச் செய்தியையும் சொல்வதற்காக அங்கே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் கரையை விட்டு விலகியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் சிங்கப்பூர் போனைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் பெரிது. தினமும் காலையில் பேசிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி அது. அதனால்தான் அன்றைக்கு அது கத்தியபோது ஜனம் நம்பியது. செய்தி உலகம் முழுக்க இருந்தது. நல்லவாட்டில் மட்டும் அதை ஊர்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிக்க ஒரு வாய் தயாராக இருந்தது.

அடுத்தது 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை. 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். இந்த முறை எச்சரிக்கை இருந்தது, முன்கூட்டியே வந்தது, அதனால் ஏராளமான உயிர்கள் தப்பின. ஆனால் விடிந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன, செல்போன் கோபுரங்கள் வேலை செய்யவில்லை. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்து கிடந்த காட்சிகளை அன்றைக்கு உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. பார்க்காதவர்கள் நாங்கள் மட்டும்தான். கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. எங்கே குடிதண்ணீர் லாரி வருகிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் முகாம் என்று அந்த நாட்களில் ஒரு வாய் சொல்லியிருந்தால் எத்தனை அலைச்சல் மிச்சமாகியிருக்கும்! பழைய பேட்டரி ரேடியோவைத் தேடி எடுத்த வீடுகளுக்கு மாநிலச் செய்தி கிடைத்தது. கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்துச் செய்தி முதுநகருக்குக் கிடைக்கவில்லை.

காலைச் செய்தி என்பதை நாம் பொழுதுபோக்கோடு சேர்த்தே யோசித்துப் பழகிவிட்டோம். கடற்கரை ஊருக்கு அது வேறு. மீனவர் படகைத் தள்ளும் முன்பு, உழவர் மடையைத் திறக்கும் முன்பு, பிள்ளை பள்ளிக்குப் புறப்படும் முன்பு தெரிய வேண்டியவற்றைச் சொல்லும் வேளை அது. கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதைச் சென்னை அறிவிப்பாளர் பட்டியலில் ஒன்றாக வாசிப்பதற்கும், கடலூருக்கு என்றே ஒருவர் நின்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

முடியாத காரியமும் அல்ல இது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' சமுதாய வானொலி நடக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் 'களஞ்சியம்' வானொலியைக் கடற்கரைக் கிராமத்துப் பெண்களே பேசி நடத்தினார்கள். தூர்தர்ஷனின் பொதிகை 2024 ஜனவரி 19-ல் 'டிடி தமிழ்' ஆகப் புதுப்பிக்கப்பட்டது. புதுக் கூடமும் புதுக் கருவிகளும் வந்திருக்கின்றன. அதன் காலை நிகழ்ச்சியில் கடலோர மாவட்டங்களுக்கு என்று ஐந்து நிமிடம் ஒதுக்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. புதுச்சேரி வானொலி நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தினமும் காலையில், புயல் இல்லாத நாளிலும், கடலூர்–சிதம்பரம் கரைக்கு என்று ஓர் அறிக்கை வாசிக்க அதற்கு முடியும். புயல் இல்லாத நாளிலும் என்பதுதான் முக்கியம். பழகிய குரலைத்தான் ஆபத்தில் நம்புவார்கள்.

தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை வரை இதைப் படிக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். டிடி தமிழுக்கும் புதுச்சேரி வானொலி நிலையத்துக்கும், உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரிலேயே, இந்தக் கோரிக்கையை எழுதி அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னால் எழுதுங்கள்.